மேற்குத் தொடர்ச்சி மலையில் மலையேற்றம்: எந்த மாதம் போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றம் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மாதம் போனால் நல்லது?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கூடவே "எந்தச் சரிவு?" என்றும் கேட்க வேண்டும். ஒரே வாரத்தில் வால்பாறையில் குடை பிடிக்க முடியாத மழை கொட்டும், பொள்ளாச்சியில் வெயில் அடிக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மலைப்பாதைதான். அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எது நல்ல காலம்?

மார்கழியும் தையும். அதாவது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், புல் இன்னும் முழுதாகக் காய்ந்திருக்காது, காற்றில் தூசு குறைவு என்பதால் வெகுதூரம் தெரியும். ஒரே பயணம்தான் வாய்க்கும் என்றால் ஜனவரியின் பின்பாதியைத் தேர்ந்தெடுங்கள். பொங்கல் விடுமுறைக் கூட்டமும் அதற்குள் கலைந்திருக்கும்.

இரண்டாவது நல்ல காலம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, இரண்டு பருவமழைக்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்கள். மலை அப்போதுதான் மிகப் பசுமையாக இருக்கும். ஆனால் இதை நம்பி முன்கூட்டியே டிக்கெட் போட முடியாது. சில ஆண்டுகள் இந்த இடைவெளி நீளும், சில ஆண்டுகள் ஒரு மழை முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். மாலை இடியும் உண்டு.

ஒரே மலைத்தொடர்தானே, இடத்துக்கு இடம் ஏன் இவ்வளவு மாறுகிறது?

மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான் காரணம். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் கேரளக் கரையைத் தொடும். அரபிக்கடலின் ஈரக்காற்று மலையில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடும். முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சம் இருக்காது. அதனால்தான் வால்பாறைக்கு மேலே உள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றாக இருக்கிறது, அடிவாரத்துச் சமவெளியோ மழை மறைவில் கிடக்கிறது.

நீலகிரிக்குள்ளேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். கூடலூர், தேவாலா, அவலாஞ்சி எல்லாம் தென்மேற்கை நேராக வாங்குபவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. சென்னை பல மாதங்களில் வாங்கும் மழை அது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்கே பார்த்தவை, அவற்றுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். 2009 நவம்பரில் அங்கே நடந்த நிலச்சரிவுகளை அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஆக, ஆகஸ்டில் கோத்தகிரியில் நடக்கலாம், அவலாஞ்சி வேண்டாம். நவம்பரில் கோத்தகிரியைத் தவிர்ப்பதே நல்லது.

தெற்கே போகப் போக இரண்டு மழையும் சேர்ந்துகொள்ளும். திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகள் இரண்டு பருவத்திலும் நனையும். கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெரிய மழை என்றாலும் மற்ற மாதங்களிலும் தூறல் விட்டு வைக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகவே கூடாதா?

மேற்குச் சரிவில் நீண்ட நடை வேண்டாம் என்பதே என் கருத்து. பயம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மழைக்காலத்து மலையின் அழகு எனக்கும் பிடிக்கும். மேகம் காலுக்குக் கீழே போகும், பாறையெல்லாம் பாசி, எங்கு திரும்பினாலும் அருவிச் சத்தம். ஆனால் காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை மதியம் இடுப்பளவு வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட விழாமல், மேலே பெய்த மழையே அதைச் செய்யும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனது. பல நாள் விடாமல் பெய்து ஊறிப்போன சரிவு எந்த நேரமும் நழுவலாம்.

கிழக்குச் சரிவு வேறு கதை. தேனி, திண்டுக்கல் பக்கத்து மலைகளில் இந்த மாதங்களில் சாரலும் காற்றும்தான். ஆனால் காற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. பாலக்காடு, செங்கோட்டை, கம்பம் போன்ற கணவாய்களை ஒட்டிய முகடுகளில் நிமிர்ந்து நிற்பதே பாடாக இருக்கும். திறந்த முகட்டில் நடக்கும் பாதைகளை விட்டுவிட்டு, சோலைக்காட்டுக்குள் போகும் குறுகிய பாதைகளைத் தேர்ந்தெடுங்கள்.

அட்டைக் கடிக்கு என்ன செய்வது?

ஜூன் முதல் நவம்பர் வரை ஈரக்காட்டில் அட்டை இல்லாமல் இருக்காது. அட்டையால் உயிருக்கு ஆபத்து கிடையாது. பயணத்தையே கைவிட இது ஒரு காரணம் இல்லை.

முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியில் தைத்த அட்டைக் காலுறை கிடைக்கிறது. கால்சட்டையை அதற்குள் செருகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எஸ்டேட் தொழிலாளர்கள் வேப்பெண்ணெய், மூக்குப்பொடி, சுண்ணாம்பு என்று பூசிக்கொள்வார்கள். மழையில் கழுவிப்போகும்வரை பலன் தரும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். அட்டையின் மெலிந்த முனைதான் வாய்ப்பக்கம். அங்கே தோலோடு ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விட்டுவிடும், உடனே சுண்டிவிடுங்கள், இல்லையென்றால் விரலில் ஒட்டிக்கொள்ளும். உப்புப் போடுவதையும் நெருப்பு வைப்பதையும் தவிர்க்க வேண்டும், அட்டை உள்ளே இழுத்ததைக் காயத்திலேயே கக்கிவிட வாய்ப்புண்டு. அதன் எச்சில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் என்பதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவிவிட்டு அழுத்தி ஒரு கட்டுப் போட்டால் போதும். முகாமுக்குத் திரும்பியதும் காலணியின் நாக்குப் பகுதியைத் தூக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு அங்கேதான் பதுங்கியிருக்கும்.

பிப்ரவரி நடுவில் ஏன் பாதைகளை மூடுகிறார்கள்? அப்போதுதானே வானம் தெளிவாக இருக்கிறது?

வானம் தெளிவுதான். ஆனால் காடு காய்ந்து கிடக்கும். வடகிழக்கு மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருக்கும், பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டு ஆளுயரப் புல் வைக்கோலாகியிருக்கும். ஒரு பீடித்துண்டு போதும்.

2018 மார்ச் 11ஆம் தேதியை மலையேறும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தேனி மாவட்டம் போடிக்கு அருகே குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சென்னை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள் பலர். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் வனப்பகுதி மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் அதே ஆண்டில் வந்தன. இன்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பாதைகளை மூடுவதன் பின்னால் அந்த நாள் இருக்கிறது. "இரண்டு நாள்தானே, ஒன்றும் ஆகாது" என்று தெரிந்த ஆள் மூலம் உள்ளே போக முயல்பவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கிறது. அன்று போனவர்களும் ஒரு வார இறுதிக்காகத்தான் போனார்கள்.

தீ ஏன் அவ்வளவு வேகமாக வருகிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். சமவெளியில் தீயின் சூடு மேலே போய்விடும். சரிவில் அந்தச் சூடு எதிரே மேலே உள்ள புல்லையே முன்கூட்டிக் காய்ச்சிப் பற்றத் தயாராக்கி வைக்கும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீயை அணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூச்சு வாங்க மேட்டில் ஓடும் மனிதனால் அதை முந்த முடியாது. அதனால் கீழே புகை தெரிந்தால் மேலே ஓடக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து பாறைத் தளம், ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் என்று புல் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். குறுகலான பள்ளங்களுக்குள் இறங்காதீர்கள், அவை புகையையும் சூட்டையும் மேலே இழுத்துவிடும். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தி அப்படி ஒட்டாது.

அப்படியானால் வெள்ளியங்கிரியை மட்டும் அதே மாதங்களில் திறக்கிறார்களே?

வெள்ளியங்கிரி யாத்திரை, தனி ஏற்பாடு. கோவை பூண்டியிலிருந்து ஏழு மலை ஏறும் பாதையில் பக்தர்களை பிப்ரவரியிலிருந்து மே வரைதான் விடுகிறார்கள். தென்மேற்குச் சாரலிலும் மேகமூட்டத்திலும் வழுக்குப்பாறையில் கால் வைக்க முடியாது, மழைக்காலத்தில் யானை நடமாட்டமும் இருக்கும் என்பதால் காய்ந்த மாதங்கள்தான் அங்கே வழக்கம். ஒரே பாதை, ஆயிரக்கணக்கான ஆட்கள், வனத்துறையின் கண்காணிப்பு என்று இருப்பதால் அது நடக்கிறது.

ஆனால் இதை எளிதென்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு சீசனிலும் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் சிலர் மேலேயே இறந்துபோகிறார்கள். பகல் வெயிலுக்குப் பயந்து இரவில் ஏறுகிறவர்கள்தான் அதிகம். அடிவாரத்தில் வியர்த்துக் கொட்டும், ஆறாவது மலையில் ஆண்டி சுனைத் தண்ணீர் எலும்பைத் துளைக்கும், ஏழாவது மலையில் காற்று ஆளைத் தள்ளும். நனைந்த சட்டையோடு உச்சியில் விடியலுக்குக் காத்திருப்பது உடம்புக்குப் பெரிய சோதனை. மாற்றுச் சட்டை ஒன்றும் கம்பளித் தொப்பி ஒன்றும் கட்டாயம். இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். சித்ரா பௌர்ணமி நாளில் கூட்டம் மிக அதிகம், நடப்பதைவிட நிற்பதுதான் கூடுதலாக இருக்கும். மார்ச் முதல் வாரங்களில் வார நாளாகப் பார்த்துப் போனால் நிம்மதியாக ஏறலாம்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. வேறு வழியில்லையே?

போகலாம், காலையிலேயே நடந்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். கோடை மழையின் குணம் இதுதான்: காலை முழுதும் பளிச்சென்று இருக்கும், பதினொரு மணிக்கு மேல் முகட்டில் வெள்ளை மேகம் கூடு கட்டும், இரண்டு மூன்று மணிக்கு இடியும் மின்னலுமாக உடைந்து கொட்டும். அந்த நேரத்தில் திறந்த புல்வெளி முகட்டில் நின்றால் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நீங்கள்தான். ஆறு மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் கீழே வந்துவிடுங்கள்.

ஓடைகளைத் தாண்டும் பாதைகளில் இன்னும் கவனம் தேவை. 2015 மே மாதம் சதுரகிரியில் அமாவாசைக்கு வந்த பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கி இறந்தார்கள். கோடையில் வறண்ட ஓடை என்று நம்பிப் படுகையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்துங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போவதாக இருந்தால் வாகனத்துக்கு இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

மார்கழிக் குளிர் எவ்வளவு இருக்கும்?

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் சமவெளியைவிட 15 டிகிரியாவது குறைவாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியைச் சுற்றிய பள்ளங்களில் உறைபனி விழும். தலைகுந்தா பக்கம் விடிகாலையில் புல்வெளி முழுதும் வெள்ளையாகக் கிடக்கும், மிதித்தால் நொறுங்கும். குளிர்காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் கூடாரம் போடும்போது பள்ளத்தையும் ஓடைக்கரையையும் தவிர்த்துக் கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள். சில அடி உயரமே குளிரில் நல்ல வித்தியாசம் காட்டும்.

வெயிலும் ஏமாற்றும். காற்று சில்லென்று இருப்பதால் தோல் கருகுவது தெரியாது. பகல் குறுகியது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும், ஆறு மணிக்குச் சூரியன் மறைந்தாலும் சோலைக்குள் ஐந்தரைக்கே இருட்டிவிடும்.

நீலக்குறிஞ்சி பார்க்க எப்போது போகலாம்?

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. மூணாறு, கொடைக்கானல் பக்கத்தில் 2006இலும் 2018இலும் பெரிய அளவில் பூத்தது, அந்தக் கணக்கில் அடுத்தது 2030. பூக்கும் மாதங்கள் ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை. மழைக்காலம் என்பதுதான் சிக்கல். 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் மூழ்கடித்ததால் மூணாறு போக நினைத்த பலர் போகவே முடியவில்லை. 2030இல் செப்டம்பர் கடைசி வாரங்களுக்குத் திட்டமிடுங்கள். இடையில் வேறு சில சரிவுகளில் வேறு ஆண்டுகளில் பூக்கும் கூட்டங்களும் உண்டு, செய்தி வந்தால் கிளம்பலாம்.

இன்னொன்று: மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் மூணாறுக்குப் போய் ஏமாறாதீர்கள்.

பொதிகை உச்சிக்கு எப்போது?

பொதிகை என்பது 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைதான். அதன் உச்சிக்குப் பாதை கேரளப் பக்கத்திலிருந்து, திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டிலிருந்து. ஜனவரி நடுவில் தொடங்கும் குறுகிய சீசனில்தான் வனத்துறை அனுமதிக்கிறது. ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட ஆட்கள் மட்டும், ஆன்லைன் முன்பதிவு. திறந்த சில மணி நேரத்திலேயே இடம் தீர்ந்துவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். மற்ற மாதங்களில் அங்கே மழை ஓய்வதே அபூர்வம், ஈரமான பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறும் கடைசிக் கட்டத்தை நினைத்தால் ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று புரியும்.

கொல்லிமலை, ஜவ்வாது, ஏலகிரி எல்லாம்?

அவை கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள். உயரம் குறைவு, அதனால் வெயில்தான் எதிரி. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் மரநிழல் இல்லாத பாறைப்படிகளும் இரும்புக் கம்பிகளும் உண்டு, ஏப்ரல், மே நண்பகலில் அந்தக் கம்பியைத் தொட முடியாது.

யானை எந்தக் காலத்தில் அதிகம்?

காட்டில் எப்போதும் இருக்கும். வறண்ட மாதங்களில் தண்ணீர் மிச்சமிருக்கும் இடங்களில் கூடும், அதே தண்ணீரை நாடித்தான் மலையேறுபவர்களும் போகிறார்கள். மழைக்காலத்தில் பரவலாக நடமாடும், புதர் அடர்ந்து பத்தடியில் நின்றாலும் தெரியாது. அதிகாலை இருட்டிலும் மாலை மங்கலிலும் நடக்காதீர்கள். புதிய சாணமோ ஒடித்துப் போட்ட மூங்கிலோ கண்ணில் பட்டால், கூட வரும் உள்ளூர் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். அவர் திரும்பிப் போகலாம் என்றால் பேரம் பேச வேண்டாம்.

அனுமதி எங்கே வாங்குவது?

தமிழ்நாட்டில் வனத்துறையின் "ட்ரெக் தமிழ்நாடு" திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, ஆன்லைனில் முன்பதிவு செய்ய வைத்திருக்கிறார்கள். பழங்குடியினரும் அடிவாரக் கிராமத்து இளைஞர்களும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டைக் காலால் அறிந்தவர்களோடு நடப்பதே தனி அனுபவம், கொடுக்கும் கட்டணத்தில் அவர்களுக்கும் பங்கு போகிறது. தனியார் குழு மூலம் போனால் அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, அதில் எழுதியிருக்கும் பாதைதானா நீங்கள் போவது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் முறை போகிறேன், ஒரு தேதி சொல்லுங்களேன்?

ஜனவரி மூன்றாவது அல்லது நான்காவது வாரம், வார நாள், எளிது என்று பிரித்திருக்கும் ஒரு பாதை. ஒரு மாதம் முன்பே தினமும் முக்கால் மணி நேரம் நடந்து பழகுங்கள், பக்கத்தில் மாடிப்படி இருந்தால் இன்னும் நல்லது. புதுக் காலணியை மலைக்கு அப்படியே கொண்டுபோகாமல் வீட்டுப் பக்கம் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

எல்லாம் முன்பதிவு செய்த பிறகு மழை எச்சரிக்கை வந்தால்?

வானிலை ஆய்வு மையம் அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் போகாதீர்கள். மஞ்சள் என்றால் வழிகாட்டியிடமோ வனச்சரக அலுவலகத்திலோ பேசிவிட்டு முடிவெடுங்கள், உங்கள் ஊரிலிருந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு விஷயம்: எச்சரிக்கை நீங்கள் நடக்கும் மாவட்டத்துக்கு இல்லாமல் முகட்டுக்கு அந்தப் பக்கத்து கேரள மாவட்டத்துக்கு இருந்தாலும் அதையும் பாருங்கள். தேனிக்குப் போகிறவர் இடுக்கியையும், கோவைக்குப் போகிறவர் பாலக்காட்டையும், தென்காசிக்குப் போகிறவர் கொல்லத்தையும் பார்க்க வேண்டும்.